ரத்த அழுத்த மருந்துகளை அளக்க மாதிரி தயாரித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களும், சில ஆண்டுகள் அனுபவம் உள்ளவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன். பிந்தைய பதில்கள் முந்தையவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

ஓர் எண் தவறாக வந்தால் எல்லோரும் முதலில் கருவியைத்தான் சந்தேகிக்கிறார்கள். ஆனால் தவறு பெரும்பாலும் ரத்தம் குழாயில் விழுந்த நேரத்துக்கும் மாதிரி கருவிக்குள் நுழையும் நேரத்துக்கும் இடையில்தான் நடந்திருக்கும். அந்த இடைவெளியைப் பற்றியதே இந்தப் பக்கம்.

பிளாஸ்மாவை நேராகக் கருவியில் செலுத்திவிட்டால் என்ன? எதற்கு இவ்வளவு தயாரிப்பு வேலை?

ஒரு கணக்கைப் பாருங்கள். 10 மில்லிகிராம் அம்லோடிபின் ஒருவேளை சாப்பிட்டவரின் பிளாஸ்மாவில் உச்ச நேரத்தில்கூட ஒரு மில்லிலிட்டருக்குச் சில நானோகிராம் மருந்துதான் இருக்கும். அதே ஒரு மில்லிலிட்டரில் புரதம் மட்டும் ஏறத்தாழ 70 மில்லிகிராம், அதாவது ஏழு கோடி நானோகிராம். நாம் தேடும் பொருள் அந்தக் கூட்டத்தில் அத்தனை சிறியது.

இதைத் தயாரிக்காமல் செலுத்தினால், கரிமக் கரைப்பான் பட்டதும் புரதம் உறைந்து கலவையைப் பிரிக்கும் குரோமட்டோகிராஃபி குழாயை (column) அடைத்துவிடும். அடைக்காமல் தப்பினாலும் உப்புகளும் பாஸ்போலிப்பிடுகளும் (ஒரு வகைக் கொழுப்புகள்), மூலக்கூறுகளை அயனியாக்கி நிறையைக் கொண்டு அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் முகப்பில் மருந்தோடு போட்டியிட்டு அதன் சமிக்ஞையைக் குறைக்கும். குறைந்த எண் வரும். அது குறைந்திருப்பதே நமக்குத் தெரியாது.

பிளாஸ்மாவா, சீரமா, முழு ரத்தமா? எதை வாங்கச் சொல்வது?

தனிக் காரணம் ஏதும் இல்லாவிட்டால் ஈ.டி.டி.ஏ. என்ற உறைதடுப்பானில் எடுத்த பிளாஸ்மா. சீரத்துக்கு ரத்தம் உறையும் வரை அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தைத் தாங்காத மருந்துகள் உண்டு. ஹெப்பாரின் பிளாஸ்மாவை உறையவைத்து உருக்கும்போது ஃபைப்ரின் இழைகள் உருவாகி பிப்பெட் முனையை அடைக்கும். பாதி அடைபட்ட முனை குறைவான கன அளவையே எடுக்கும், ஆனால் அதைச் சொல்லிக் காட்டாது. பிரிப்பு ஜெல் உள்ள குழாய்களைத் தவிர்த்துவிடுங்கள். கொழுப்பில் கரையும் மருந்துகளை அந்த ஜெல் உறிஞ்சக்கூடும். எந்த உறைதடுப்பானைத் தேர்ந்தெடுத்தாலும் அளவுத்திருத்த மாதிரிகளும் (தெரிந்த செறிவில் மருந்து சேர்த்து, ஒப்பிட்டு அளக்க வைப்பவை) தரக்கட்டுப்பாட்டு மாதிரிகளும் (முறை சரியாக அளக்கிறதா என்று சோதிப்பவை) அதே உறைதடுப்பானில் எடுத்த, மருந்தில்லாத வெற்றுப் பிளாஸ்மாவில் இருக்க வேண்டும்.

குளோர்தாலிடோன் ஒரு தனிக் கதை. அது சிவப்பணுக்களுக்குள் உள்ள கார்போனிக் அன்ஹைட்ரேஸ் நொதியை இறுகப் பற்றிக்கொள்கிறது. எனவே முழு ரத்தத்தில் அதன் செறிவு பிளாஸ்மாவில் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம். அதை முழு ரத்தத்தில் அளப்பதே பெரும்பாலும் அர்த்தமுள்ளது. பிளாஸ்மாதான் வேண்டுமென்றால், சில சிவப்பணுக்கள் உடைந்தாலும் எண் எகிறிவிடும் என்பதை நினைவில் வைத்து வேலை செய்யுங்கள்.

ரத்தம் எடுத்த குழாய் அரை மணி நேரம் மேசையில் இருந்துவிட்டது. கெட்டுப்போயிருக்குமா?

மருந்தின் பெயரைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. அட்டெனலால் அரை மணி நேரத்தைப் பொருட்படுத்தாது. எஸ்மலால் அப்படியல்ல: சிவப்பணுக்களில் உள்ள எஸ்டரேஸ் நொதி அதை உடைத்துக்கொண்டே இருக்கும். உடலில் அதன் அரைவாழ்வு சுமார் 9 நிமிடம்தான். கிளெவிடிபினுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். இவற்றின் மாதிரியை நொதியை முடக்கும் பொருள் ஏற்கெனவே போடப்பட்டு, பனிக்கட்டியில் குளிர்ந்து நிற்கும் குழாயில்தான் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு சேர்க்கலாம் என்பது காலங்கடந்த யோசனை.

பொதுவான வழக்கம் இது: குழாயை மெதுவாக எட்டுப் பத்து முறை தலைகீழாகத் திருப்பிக் கலக்குங்கள், குலுக்காதீர்கள். பனிக்கட்டி நீரில் வையுங்கள். 4 டிகிரி செல்சியஸில் 1500 முதல் 2000 ஜி (புவியீர்ப்பின் மடங்கு) வரை, பத்து நிமிடம் சுழற்றுங்கள். மேலே உள்ள பிளாஸ்மாவை எடுக்கும்போது வெள்ளணுப் படலத்துக்குச் சற்று மேலேயே நிறுத்திவிடுங்கள். கடைசித் துளி வரை உறிஞ்சும் ஆசைதான் பல மாதிரிகளைக் கெடுக்கிறது. ரத்தம் எடுத்த நேரம், சுழற்றிய நேரம், உறைநிலைக்குப் போன நேரம் மூன்றையும் எழுதிவையுங்கள். அந்த மூன்று நேரங்கள் இல்லாத மாதிரியின் முடிவை நான் முழுதாக நம்புவதில்லை.

எங்கள் செய்முறையில் '3000 ஆர்.பி.எம்.' என்று இருக்கிறது. நீங்கள் 'ஜி' என்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ஆர்.பி.எம். என்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது மட்டும். மாதிரி உணரும் விசை, அதாவது ஜி, சுழலியின் ஆரத்தையும் சார்ந்தது. ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால் 3000 சுற்றில் ஏறத்தாழ 1000 ஜி கிடைக்கும். 17 சென்டிமீட்டர் என்றால் 1700 ஜி. சூத்திரம்: 0.00001118 × சென்டிமீட்டரில் ஆரம் × சுற்றின் வர்க்கம். செய்முறைத் தாளில் ஜி என்று எழுதிவிடுங்கள். மையவிலக்கி மாறினாலும் முறை மாறாது.

நிஃபெடிபின் மாதிரி என்றால் விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள். அவ்வளவு அவசியமா?

அவசியம். நிஃபெடிபின் ஒளியில் சிதைகிறது: பகல் வெளிச்சம் அதை நைட்ரோசோ வழிப்பொருளாகவும், புற ஊதாக்கதிர் நைட்ரோ வழிப்பொருளாகவும் மாற்றுகின்றன. சன்னலோர மேசையில் வைத்த நீர்த்த கரைசல் விரைவிலேயே வலுவிழக்கும். ஆகவே மஞ்சள் விளக்கு, பழுப்பு நிறக் குழாய், அலுமினியத் தாள் சுற்றல் என்று ரத்தம் எடுக்கும் இடத்திலிருந்தே தொடங்க வேண்டும். ஆய்வகத்தில் மட்டும் இருட்டாக்கிப் பயனில்லை.

பலர் மறப்பது, அளவுத்திருத்த மாதிரிகளைச் செய்ய வைத்திருக்கும் இருப்புக் கரைசலும் அதே மருந்துதான் என்பதை. மாதிரியைக் காப்பாற்றிவிட்டு, அளவுத்திருத்தக் கரைசலை வெளிச்சத்தில் விட்டால், மாதிரியின் எண் உண்மையைவிட அதிகமாக வரும். அம்லோடிபினும் இதே டைஹைட்ரோபிரிடின் குடும்பம்தான்; நிஃபெடிபின் அளவுக்கு மென்மையானதல்ல என்றாலும் அதையும் வெளிச்சத்திலிருந்து காப்பதே நல்ல பழக்கம். ஃப்யூரோசெமைடுக்கும் இதே கவனம் வேண்டும்.

ஒரே கேப்டோபிரில் மாதிரி, காலையில் ஓர் எண், மாலையில் ஓர் எண். என்ன நடக்கிறது?

கேப்டோபிரிலில் கட்டற்ற தயோல் (கந்தகம்-ஹைட்ரஜன்) தொகுதி ஒன்று இருக்கிறது. அது தன்னோடு தானே சேர்ந்து டைசல்பைடு ஆகும். பிளாஸ்மாவில் உள்ள சிஸ்டீன், குளூட்டாதயோன், புரதம் ஆகியவற்றோடும் சேரும். காலைக்கும் மாலைக்கும் இடையில் உங்கள் மருந்து வேறு உருவங்களுக்குள் போய்விட்டது.

கட்டற்ற கேப்டோபிரிலை அளப்பதானால், ரத்தம் எடுத்தவுடனேயே தயோலை மூடிவிட வேண்டும். என்-எத்தில்மாலியிமைடு, பாரா-புரோமோஃபெனாசில் புரோமைடு போன்றவை அதற்கு உதவும். மொத்த கேப்டோபிரில் வேண்டுமென்றால், டைதயோதிரைட்டால் போன்ற ஒடுக்கியால் டைசல்பைடுகளை முதலில் திறந்து, பிறகு மூட வேண்டும். எதை அளந்தீர்கள் என்று அறிக்கையில் கட்டாயம் எழுதுங்கள். 'கேப்டோபிரில்' என்று மட்டும் எழுதிய எண்ணை வேறு எந்த ஆய்வோடும் ஒப்பிட முடியாது.

ஈனலாபிரில் சாப்பிட்டவருக்கு ஈனலாபிரிலை அளந்தால் போதாதா? ஈனலாபிரிலாட் எதற்கு?

ஈனலாபிரில் ஒரு முன்மருந்து. வேலை செய்வது அதிலிருந்து உடலில் உருவாகும் ஈனலாபிரிலாட். ராமிபிரிலுக்கு ராமிபிரிலாட்டும் அப்படியே. லோசார்டன் தானே வேலை செய்தாலும், உடலில் அதிலிருந்து உருவாகும் கார்பாக்சிலிக் அமில வளர்சிதைப்பொருள் அதைவிடப் பல மடங்கு வலியது. ஒல்மசார்டன் மெடோக்சோமில், கேன்டசார்டன் சிலெக்செட்டில் இரண்டும் குடலில் உறிஞ்சப்படும்போதே உடைந்துவிடுவதால் பிளாஸ்மாவில் ஒல்மசார்டனையும் கேன்டசார்டனையும்தான் தேட வேண்டும்.

எலிப் பிளாஸ்மாவில் உருவாக்கிய முறையை மனிதருக்கு அப்படியே கொண்டுவருகிறவர்களும், எதிர்த்திசையில் போகிறவர்களும் இங்கே தடுக்கி விழுகிறார்கள். எலிப் பிளாஸ்மாவில் எஸ்டர் பிணைப்பை உடைக்கும் கார்பாக்சில்எஸ்டரேஸ் நொதி தாராளமாக உண்டு. மனிதப் பிளாஸ்மாவில் கிடையாது. மனித மாதிரியில் நிம்மதியாக இருக்கும் எஸ்டர் முன்மருந்து எலி மாதிரியில் குழாயிலேயே உடைந்துகொண்டிருக்கும்.

புரத வீழ்படிவு, திரவப் பிரித்தெடுப்பு, திண்மநிலைப் பிரித்தெடுப்பு. மூன்றில் எது சிறந்தது?

மருந்து எவ்வளவு குறைவாக இருக்கிறது, நீரை விரும்புகிறதா கொழுப்பை விரும்புகிறதா என்ற இரண்டும் தெரிந்தால் முறை தானாகத் தெரியும். டெல்மிசார்டன், லோசார்டன், மெட்டோபிரலால் போன்றவை ஓரளவு தாராளமான செறிவில் இருக்கும்; நல்ல கருவி இருந்தால் வீழ்படிவு முறையே போதும். ஒரு பங்கு பிளாஸ்மாவுக்கு மூன்று பங்கு குளிர்ந்த அசிட்டோநைட்ரைல், ஒரு நிமிடம் வார்டெக்ஸ் (வேகமாக அதிரவைத்துக் கலக்குதல்), 10,000 ஜி-யில் பத்து நிமிடம். இந்த முறையில் புரதம் போகும், பாஸ்போலிப்பிடுகள் போகாது. அதன் விலையைப் பின்னால் பேசுவோம்.

அம்லோடிபின் போல மிகக் குறைந்த செறிவில் இருப்பவற்றுக்கு, மாதிரியைத் தூய்மையாக்குவதோடு செறிவூட்டவும் வேண்டும். அங்கே திரவப் பிரித்தெடுப்பு (நீரோடு கலக்காத கரிமக் கரைப்பானுக்குள் மருந்தை இழுப்பது) நன்றாகக் கைகொடுக்கும்: பெறப்பட்ட கரிம அடுக்கை நைட்ரஜன் ஓட்டத்தில் உலர்த்தி, சிறு கன அளவில் மீண்டும் கரைக்கலாம். ஆனால் லிசினோபிரிலுக்கு இந்த வழி மூடியிருக்கிறது. எந்தப் பி.எச்.சிலும் அது மின்சுமையோடுதான் இருக்கும்; எந்தக் கரிமக் கரைப்பானுக்குள்ளும் போகாது. அட்டெனலாலும் நீரை விட்டு எளிதில் வராது.

இவற்றுக்கும், பீட்டா தடுப்பான்கள் எல்லாவற்றுக்குமே, நேரயனிப் பரிமாற்றமும் கொழுப்பு நாட்டமும் சேர்ந்த திண்மநிலைப் பொதியுறைகள் (மருந்தைப் பிடித்துவைக்கும் திண்மப் பொருள் நிரப்பிய சிறு குழாய்கள்) எனக்குப் பிடித்த வழி. அமிலத்தில் ஏற்றினால் காரத்தன்மையுள்ள மருந்து பிடித்துக்கொள்ளும். மெத்தனாலால் கழுவினால் பிற அழுக்குகளில் பெரும்பகுதி போய்விடும், மருந்து அசையாது. அம்மோனியா கலந்த மெத்தனாலை விட்டதும் மருந்து இறங்கிவரும்.

வீழ்படிவு செய்தேன், மேல் திரவம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் உச்சி இரண்டாகப் பிளந்து வருகிறது!

அந்தத் திரவத்தில் நான்கில் மூன்று பங்கு அசிட்டோநைட்ரைல். கொழுப்பு நாட்டமுள்ள பொருள் நிரப்பிய தலைகீழ்நிலைக் குழாயில் அதை அப்படியே செலுத்தினால், மருந்தின் ஒரு பகுதி கரைப்பானோடு ஓடும், மறுபகுதி பின்னால் தங்கும்; வரைபடத்தில் ஓர் உச்சி இரண்டாகத் தெரியும். நீரால் நீர்த்தோ, உலர்த்தி, குழாய் வழியே ஓடும் நகரும் கரைசலில் கரைத்தோ செலுத்துங்கள். ஈனலாபிரில், கேப்டோபிரில் போன்றவற்றில் மட்டும் இன்னொரு காரணமும் உண்டு: புரோலின் பிணைப்பைச் சுற்றி இரு வடிவங்கள் மெதுவாக இடம் மாறிக்கொள்வதால் உச்சி அகலும் அல்லது பிளக்கும். பிரிப்புக் குழாயின் வெப்பத்தை உயர்த்தினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

திரவப் பிரித்தெடுப்பில் பி.எச். எவ்வளவு வைப்பது? ஒரு பொது விதி இருக்கிறதா?

இருக்கிறது. மருந்து மின்சுமையற்று இருக்கும்போதுதான் கரிம அடுக்குக்குள் போகும். காரம் என்றால் அதன் பி.கே.ஏ.யைவிட (மூலக்கூறுகளில் பாதி மின்சுமையோடு இருக்கும் பி.எச்.) இரண்டு அலகு மேலே, அமிலம் என்றால் இரண்டு அலகு கீழே. அம்லோடிபினின் பி.கே.ஏ. 9-ஐ ஒட்டியிருப்பதால் 11 வாக்கில் வைத்து மெத்தில் டெர்ஷியரி பியூட்டைல் ஈதரால் எடுக்கலாம். வால்சார்டனுக்கு எதிர்த்திசை: நன்றாக அமிலமாக்கி எத்தில் அசிட்டேட். நிஃபெடிபினுக்கு இந்தக் கவலையே இல்லை, அது நடுநிலை மூலக்கூறு. ஹைட்ரோகுளோரோதயசைடுக்கு வலிய காரத்தைக் காட்டாதீர்கள், நீராற்பகுப்பில் சிதையும்.

ஒரே மாத்திரையில் டெல்மிசார்டன், அம்லோடிபின், ஹைட்ரோகுளோரோதயசைடு மூன்றும் இருக்கின்றன. மூன்றையும் ஒரே தயாரிப்பில் எடுக்க முடியுமா?

முடியும், ஆனால் திரவப் பிரித்தெடுப்பால் கடினம். மேலே பார்த்தபடி அம்லோடிபின் கேட்கும் காரம் தயசைடுக்கு ஆகாது; டெல்மிசார்டனும் அங்கே மின்சுமையோடு நீரில் நின்றுவிடும். புரத வீழ்படிவோ, பி.எச். பெரிதாகத் தலையிடாத பாலிமர் திண்மநிலைப் பொதியுறையோ நல்ல சமரசம். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் தயசைடு எதிரயனி முறையிலும் மற்ற இரண்டும் நேரயனி முறையிலும் நன்றாகத் தெரியும் என்பதால் கருவி முறை மாற நேரம் விட்டு உச்சிகளைப் பிரித்து வையுங்கள்.

இதில் அடங்கியிருக்கும் உண்மையான சிக்கல் செறிவு. டெல்மிசார்டனுக்கு ஏற்றபடி நீர்த்தால் அம்லோடிபின் காணாமல் போகும். குறைந்த செறிவுள்ள மருந்துக்கு ஏற்ப மாதிரியைத் தயாரித்து, அதிகச் செறிவுள்ள மருந்தின் சமிக்ஞையைக் கருவி அமைப்பில் தணிப்பதே சரியான வழி.

இன்டர்னல் ஸ்டாண்டர்டை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது? கடைசியில் சேர்த்தால் வீணாகாதே?

முதல் கட்டத்தில், பிளாஸ்மாவை அளந்து ஊற்றியவுடன். எல்லா மாதிரியிலும் ஒரே அளவில் சேர்க்கும் அந்த ஒப்பீட்டுப் பொருள் மருந்தோடு எல்லா இழப்புகளையும் சேர்ந்து அனுபவிக்க வேண்டும், அதற்காகத்தான் அது இருக்கிறது. கடைசியில் சேர்த்தால் செலுத்துதலின் பிழையை மட்டுமே ஈடுகட்டும். டியூட்டிரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய அதே மருந்து கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். சேர்த்தபின் சில நிமிடம் விடுங்கள். டெல்மிசார்டன் போல 99.5 விழுக்காட்டுக்கு மேல் புரதத்தோடு பிணையும் மருந்துக்கு, நாம் சேர்த்ததும் அதே சமநிலையை அடைய நேரம் வேண்டும்.

மீட்பு 60 விழுக்காடுதான் வருகிறது. முறை தோல்வியா?

இல்லை. மீட்பு என்பது மாதிரியில் இருந்த மருந்தில் தயாரிப்புக்குப் பின் கைக்கு வரும் பங்கு. எல்லாச் செறிவிலும், எல்லா நாளிலும் அதே 60 வந்தால் அது நல்ல முறை. ஒரு நாள் 90, மறுநாள் 55 என்று ஆடும் முறைதான் ஆபத்து. 2022-இல் ஏற்கப்பட்ட ஐ.சி.எச். எம்10 வழிகாட்டுதலும் (உடல் மாதிரிகளில் மருந்தை அளக்கும் முறைகளுக்கான பன்னாட்டு விதிகள்) மீட்பு நூறாக இருக்கக் கேட்கவில்லை, சீராக இருக்கவே கேட்கிறது. துல்லியம் ±15 விழுக்காட்டுக்குள்ளும், மிகக் குறைந்த அளவீட்டு எல்லையில் ±20-க்குள்ளும் இருக்க வேண்டும்.

குரோமட்டோகிராம் பளிச்சென்று சுத்தமாக இருக்கிறது. பிறகு எதற்கு மேட்ரிக்ஸ் விளைவைச் சோதிக்க வேண்டும்?

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் நீங்கள் கேட்ட நிறையை மட்டுமே காட்டுகிறது. அதே கணத்தில் இறங்கும் பாஸ்போலிப்பிடுகள் உங்கள் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மருந்தின் அயனியாக்கத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும்; இதுதான் மேட்ரிக்ஸ் விளைவு. பாஸ்போலிப்பிடுகளில் ஒரு வகையான பாஸ்படிடைல்கோலின்கள் நிறை-மின்சுமை விகிதம் 184 உள்ள துண்டைத் தருகின்றன. அந்த ஒன்றைக் கூடுதலாகக் கண்காணித்தால் அவை எப்போது இறங்குகின்றன என்று தெரியும். மருந்தின் உச்சியை அங்கிருந்து நகர்த்தலாம்.

எம்10 குறைந்தது 6 வெவ்வேறு நபர்களின் பிளாஸ்மாவில் சோதிக்கச் சொல்கிறது. ஒரே கலவைப் பிளாஸ்மாவில் எல்லாம் நன்றாக வருவதால் பயனில்லை. ஒவ்வொரு நோயாளியும் வேறு கொழுப்பு, வேறு துணை மருந்துகளோடு வருகிறார். ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்களில் பலர் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் சேர்த்தே சாப்பிடுகிறார்கள் என்பதை மறக்கலாகாது.

குறைந்த செறிவில் அம்லோடிபின் மட்டும் எப்போதும் குறைவாகவே வருகிறது. எங்கே போகிறது?

பெரும்பாலும் குழாயின் சுவரில் இருக்கிறது. காரத்தன்மையும் கொழுப்பு நாட்டமும் உள்ள மருந்துகள் கண்ணாடியின் சிலனால் தொகுதிகளில் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்மாவில் புரதம் அவற்றைப் பிடித்துவைப்பதால் இது தெரியாது. நீர்த்த தூய கரைசலிலும், உலர்த்தி மீண்டும் கரைக்கும்போதும் வெளிப்படும். பாலிபுரொப்பிலீன் குழாய்க்கு மாறுங்கள், கரைசலில் சிறிது ஃபார்மிக் அமிலமும் கரிமக் கரைப்பானும் இருக்கட்டும். ஒரே கரைசலை ஐந்து குழாய்களுக்கு அடுத்தடுத்து மாற்றி, முதலாவதையும் ஐந்தாவதையும் அளந்தால் ஒட்டுதல் உண்டா என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

மாதிரி சிவந்து வந்திருக்கிறது. தூக்கி எறிந்துவிடலாமா?

எல்லாவற்றையும் அல்ல. சிவந்திருந்தால் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன என்று பொருள். குளோர்தாலிடோன் பிளாஸ்மா என்றால் நிராகரியுங்கள், காரணம் இரண்டாம் பதிலில் இருக்கிறது. எஸ்மலால் என்றாலும் நிராகரிக்க வேண்டும், உடைந்த அணுக்களிலிருந்து நொதி வெளியே வந்திருக்கும். மற்றவற்றுக்கு, சிவந்த பிளாஸ்மாவில் உங்கள் முறை சரியாக அளக்கிறது என்று முன்பே சோதித்திருந்தால் ஏற்கலாம். எவ்வளவு சிவப்பு என்பதை வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். 'லேசாக' என்ற சொல் இருவருக்கு இரு பொருள் தரும்.

மைனஸ் 20 போதுமா, மைனஸ் 80 வேண்டுமா? எத்தனை முறை உருக்கலாம்?

உங்கள் மருந்தின் நிலைத்தன்மைச் சோதனை சொல்வதுதான் விடை. வேதி மருந்துகளுக்கு மைனஸ் 20-இல் நிலைப்பதாகக் காட்டிவிட்டால் அதைவிடக் குளிர்ந்த நிலைக்கும் அது செல்லும், மறுதலை செல்லாது. உறைதல்-உருகுதலைக் குறைந்தது மூன்று சுற்று சோதிக்க வேண்டும். முடிந்தவரை, ரத்தம் வந்த நாளிலேயே சிறு பங்குகளாகப் பிரித்துவிடுங்கள். உருக்கிய மாதிரியை முழுமையாகக் கலக்காமல் பிப்பெட்டை நுழைக்காதீர்கள். உருகும்போது மேலே நீர்த்தும் கீழே அடர்ந்தும் இருக்கும்.

நோயாளி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று மருத்துவர் கேட்கிறார். சிறுநீர் போதுமா?

பல மருந்துகளுக்குப் போதும். எத்தனை மருந்து சேர்த்தும் அழுத்தம் இறங்காத நோயாளிகளிடம் இந்தச் சோதனை மிகவும் பயன்படுகிறது. சிறுநீரில் புரதம் குறைவு என்பதால் சுழற்றி, நீர்த்து நேராகச் செலுத்துவதே பெரும்பாலும் போதுமானது. ஆனால் அதே புரதக் குறைவால் மேலே சொன்ன சுவரொட்டும் சிக்கல் இங்கே அதிகம்.

முடிவைப் படிப்பதில்தான் கவனம் வேண்டும். அட்டெனலாலும் ஹைட்ரோகுளோரோதயசைடும் பெருமளவு மாறாமல் சிறுநீரில் வருகின்றன. டெல்மிசார்டன் ஏறத்தாழ முழுதும் மலத்தில் வெளியேறுகிறது, சிறுநீரில் ஒரு விழுக்காடுகூட இல்லை. அது சிறுநீரில் தெரியவில்லை என்பதற்காக ஒருவரை மாத்திரை சாப்பிடாதவர் என்று சொல்லிவிடக் கூடாது, பிளாஸ்மா கேளுங்கள். அம்லோடிபினின் அரைவாழ்வு 30 முதல் 50 மணி நேரம், எனவே நேற்று விட்டவரிடமும் அது இருக்கும். ஒரு மனிதர் மீது மருத்துவர் வைக்கும் நம்பிக்கை இந்த எண்ணைச் சார்ந்திருக்கிறது.

சரிபார்ப்பில் எல்லாம் தேறிவிட்டது. ஆனால் நோயாளிகளின் மாதிரிகளை மறுபடி அளந்தால் எண் கூடுகிறது. தரக்கட்டுப்பாட்டு மாதிரிகள் மட்டும் அசையவில்லை. எப்படி?

தரக்கட்டுப்பாட்டு மாதிரியில் நீங்கள் மருந்தை மட்டுமே சேர்த்தீர்கள். நோயாளியின் ரத்தத்தில் வளர்சிதைப்பொருள்களும் இருக்கின்றன. டெல்மிசார்டன் உடலில் குளுகுரோனிக் அமிலத்தோடு சேர்ந்து அசைல் குளுகுரோனைடாக மாறுகிறது. இவ்வகைப் பொருள்கள் வெதுவெதுப்பிலும் காரத்திலும் பிரிந்து மீண்டும் தாய்மருந்தாகக்கூடும். சார்டன்களின் மாதிரி மேசையில் நிற்க நிற்க எண் கூடினால் இதை முதலில் பாருங்கள். இதைப் பிடிக்கத்தான் எம்10 மறுஅளவீட்டைக் கட்டாயமாக்கியது: முதல் 1000 மாதிரிகளில் 10 விழுக்காடு, அதற்கு மேல் உள்ளவற்றில் 5 விழுக்காடு, அவற்றில் மூன்றில் இரண்டு பங்காவது 20 விழுக்காடு வேறுபாட்டுக்குள் வர வேண்டும்.

செய்ய வேண்டியவை: மாதிரியைச் சற்று அமிலமாக்கி, தயாரிப்பு முழுவதையும் பனிக்கட்டி மேல் நடத்துங்கள். உலர்த்தும் வெப்பத்தைக் குறையுங்கள். குளுகுரோனைடு கருவியின் முகப்பிலேயே உடைந்து மருந்தாகத் தெரிவதும் உண்டு என்பதால் இரண்டின் உச்சிகளும் தனித்தனியாகப் பிரிகின்றனவா என்று பாருங்கள். பிறகு குளுகுரோனைடு சேர்த்த தரக்கட்டுப்பாட்டு மாதிரி ஒன்றைத் தயாரித்து, உங்கள் முறையில் அது மருந்தாக மாறுகிறதா என்று அளந்து உறுதிசெய்யுங்கள். தூய குளுகுரோனைடு கிடைக்காவிட்டால், மருந்து சாப்பிட்டவர்களின் மீதப் பிளாஸ்மாவைக் கலந்து ஒரு மாதிரியாக்கி, அதை அறை வெப்பத்தில் 0, 2, 4, 8 மணி நேரம் வைத்து அளந்தாலே போக்கு தெரிந்துவிடும்.